எல்லாருக்கும் வாய்ப்பு என்ற வாக்கு இன்னும் நிற்கிறதா?

ஜெலுத்தோங் வாசகன்

பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் ஒப்பிப்பது மலேசியாவின் தேசிய நெறியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை. அதற்கு முன்னால் இருக்கும் முன்னுரையை யாரும் அதிகம் தொடுவதில்லை. 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் அது அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் வளப்பத்தை எல்லாரும் நியாயமாகப் பகிர்ந்து அனுபவிக்கும் சமுதாயத்தை உருவாக்குவோம் என்று அந்த முன்னுரை உறுதி சொன்னது. அடுத்த ஆண்டே புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதற்கு இரண்டு நோக்கம்: இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது, இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது.

1970இல் தீபகற்பத்தில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி குறியீடு 0.513. 2022இல் அந்தக் குறியீடு 0.404, குடும்பங்களின் இடைநிலை வருமானம் மாதம் 6,338 வெள்ளி (ரிங்கிட்). நாடு ஏறி வந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

நான் கேட்பது வேறு. பி40 வீட்டில், அதாவது வருமானத்தில் அடித்தட்டு 40 விழுக்காட்டில், பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை இன்று எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது? ‘அநியாயம்’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாமல் எந்த இலாகா, எந்தப் பாரம், எந்த மதிப்பெண் என்று எழுதுங்கள். அந்த வாக்கு செத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பெயர் சொல்லக்கூடிய சில இடங்களில் அது முறிகிறது. அந்த இடங்களை அடையாளம் காண்பதற்காகத்தான் இந்த இழை.

செபராங் ஜெயா மணியம்

வாசகன் ஐயா, முறிவு எங்கே தொடங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இனம் பாராமல் வறுமை ஒழிப்பு’ தோட்டங்களுக்குள் நுழையவே இல்லை. காரணம் நிலம். தோட்டம் தனியார் சொத்து. கம்பங்களுக்கு (மலாய்க் கிராமங்களுக்கு) குழாய்த் தண்ணீர், மின்சாரம், சாலை என்று மேம்பாட்டு நிதி போனபோது, லயத்து வீடுகளுக்கு அதையெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா நிலமில்லாதவர்களுக்கு நிலம் கொடுத்தது. அதில் குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தோட்டத் தொழிலாளிக்கு நிலமும் கிடைக்கவில்லை, இருந்த வீடும் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. 1980, 1990களில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் கைமாறியபோது வேலை, வீடு, பள்ளி, கோயில் எல்லாம் ஒரே கடிதத்தில் போனது. அப்படி வந்தவர்கள்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளிலும், பிறகு பிபிஆர் என்ற அரசாங்கக் குறைந்த விலை அடுக்குமாடிகளிலும் இருப்பவர்கள்.

பள்ளிக்கூடமும் அதே நிலக் கதைதான். 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வளர்ந்து, 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். பினாங்கு மாநிலத்தில் 28. பள்ளி அமைந்த நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாவிட்டால் அது ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் பள்ளி வாரியம் கை ஏந்த வேண்டும். கணினிக் கூடத்துக்கு மின்கம்பி மாற்ற வேண்டுமானாலும் நன்கொடை விருந்து வைக்க வேண்டிய நிலை. ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஆனால் கூரை வேறு.

ஆறாம் படிவ வழிகாட்டி

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த பிறகு நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தடை மலாய்மொழித் தாள். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே கிடையாது. வரலாறு 2013 முதல் கட்டாயம். பொதுப் பல்கலைக்கழகத்துக்குத் தேர்ச்சி போதாது, மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும், அதாவது குறைந்தது சி. டி எடுத்தவர் தேர்ச்சி பெற்றவர்தான், ஆனால் கதவு மூடியிருக்கும். மற்ற பாடங்களில் நன்றாகச் செய்து இந்த ஒரு தாளில் டியோடு நிற்கும் பிள்ளைக்கு மறுதேர்வு இருக்கிறது. தனிப்பட்ட தேர்வாளராக அந்த ஒரு தாளை மட்டும் எழுதலாம். அதற்குப் பதியும் காலம் குறுகியது, பள்ளியை விட்ட பிறகு நினைவூட்ட ஆசிரியர் யாரும் இல்லை. அதனால் நிறையப் பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு மெட்ரிகுலேஷனா எஸ்.டி.பி.எம்.மா (ஆறாம் படிவம்) என்பது. மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டு, எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு. முன்னதன் தேர்வை மெட்ரிகுலேஷன் பிரிவே நடத்துகிறது, பின்னதை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. பல்கலைக்கழக நுழைவுக்கு இரண்டின் சி.ஜி.பி.ஏ.வும், அதாவது நான்குக்கு எடுக்கும் சராசரிப் புள்ளியும், ஒரே தட்டில் வைக்கப்படும். பொதுப் பல்கலைக்கழக மனு முறையான யு.பி.யு.வின் கணக்கு இதுதான்: கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. சி.ஜி.பி.ஏ.வை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்க வேண்டும்.

எஸ்.டி.பி.எம்.மில் நான்கு பாடத்தில் மூன்று ஏ, ஒன்று ஏ-மைனஸ் என்றால் சி.ஜி.பி.ஏ. 3.92. கல்விப் புள்ளி 90இலிருந்து 88.2க்கு இறங்கும். கிட்டத்தட்ட இரண்டு புள்ளி. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் போன்ற துறைகளில் இந்த இரண்டு புள்ளிக்குள் ஒரு பெரிய வரிசையே நிற்கும். இன்னொரு பக்கம், புறப்பாடத்தில் 9.5 வாங்கியவருக்கும் 6 வாங்கியவருக்கும் உள்ள இடைவெளி 3.5. அதை சி.ஜி.பி.ஏ.வில் ஈடு கட்ட ஏறத்தாழ 0.16 வேண்டும். ‘படிப்பு கெட்டுவிடும்’ என்று பிள்ளையைச் சீருடை இயக்கத்திலிருந்து நிறுத்தும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சுங்கை பீசி குமரன்

டீச்சர், கணக்கெல்லாம் சரி. ஆனால் கதவின் அகலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே? மெட்ரிகுலேஷன் இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்கள், பூர்வகுடிகள்) 90, மற்றவர்களுக்கு 10 என்று பிரிக்கப்படுகின்றன. 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள், விகிதத்தை மாற்றவில்லை. பூமிபுத்ரா அல்லாத எல்லாருக்கும் சேர்த்து 2,500 இருந்தது 4,000 ஆனது, அவ்வளவே. பூமிபுத்ராக்களுக்கான யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் கதவு நமக்கு மூடியே இருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘எல்லாருக்கும் வாய்ப்பு’ என்பது எப்படிப் பொருந்தும்? பிள்ளைகளிடம் புறப்பாடம், பாரம், மறுதேர்வு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் குற்றம் பிள்ளையுடையது என்று ஆகிவிடும்.

ஆறாம் படிவ வழிகாட்டி

குமரன், நீங்கள் சொல்வது உண்மை, அதை நான் குறைக்க மாட்டேன். 2024 ஜூன் 30 அன்று பிரதமர் அறிவித்தபடி, எஸ்.பி.எம்.மில் 10 ஏயும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு. நல்லது. ஆனால் அது உச்சியில் இருப்பவர்களுக்கு. 10 பாடம் எடுக்கவே பல பள்ளிகளில் வசதியில்லை. ஒன்பது பாடத்தோடு நின்று ஒன்பதிலும் ஏ எடுத்த பிள்ளை இந்த வரியில் வராது. 7 ஏ, 6 ஏ எடுத்த பி40 பிள்ளைக்கு அந்த அறிவிப்பால் எதுவும் மாறவில்லை. வாக்கு உண்மையா என்று சோதிக்க வேண்டிய இடம் அந்த 6 ஏ பிள்ளைதான் என்பது என் கருத்து.

அந்தப் பிள்ளைக்கு ஆறாம் படிவம்தான் மலிவான, உறுதியான வழி. அங்கே இட ஒதுக்கீட்டுச் சண்டை இல்லை. வீட்டிலிருந்து போய்வரலாம். முதல் தவணையும் இரண்டாம் தவணையும் சறுக்கினால் அந்தத் தாள்களைத் திரும்ப எழுதலாம். இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் பலர் விசாரிக்காமலேயே தனியார் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள், ‘எஸ்.டி.பி.எம். கஷ்டம்’ என்ற ஒரே வார்த்தையால்.

யு.பி.யு.வில் 12 தேர்வு நிரப்பலாம். பன்னிரண்டையும் மருத்துவமும் அதன் பக்கத்துத் துறைகளுமாக நிரப்பிவிட்டு ‘இடம் கிடைக்கவில்லை’ என்று வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. நேர்முகத் தேர்வு உள்ள துறைகளுக்கு அதற்குப் போகாவிட்டால் அந்த வரி வெறும் வரி. முதல் மூன்று ஆசைக்கு, நடு ஐந்து தன் புள்ளிக்கு, கடைசி நான்கு நிச்சயத்துக்கு என்று பிரியுங்கள். முடிவு வந்த பிறகு மேல்முறையீட்டுக்கு நாட்கள் சில மட்டுமே. அந்த வாரத்தில் யாரும் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

செந்தூல் சட்ட அக்கா

இங்கே ஒருவரும் தொடாத ஒரு கூட்டம் இருக்கிறது. சி.ஜி.பி.ஏ. வரை வந்து சேராதவர்கள். அடையாள அட்டையே இல்லாதவர்கள்.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத திருமணத்தைச் சட்டம் திருமணமாக ஏற்பதில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 164ஆம் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமை விஷயத்தில் தாயைச் சேரும். தாய் மலேசியர் என்றால் பிரச்சினை சிறியது. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், பதிவு இல்லை என்றால் பிள்ளை இந்த மண்ணில் பிறந்திருந்தாலும் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று வரும். கூட்டரசு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17ஆம் பிரிவுதான் காரணம். பின்னால் திருமணத்தைப் பதிந்தாலும் பிள்ளையின் குடியுரிமை தானாகச் சரியாகாது.

வழி இருக்கிறது. 15ஏ பிரிவின் கீழ் உள்துறை அமைச்சுக்குச் சிறப்பு மனு செய்யலாம். அதன் வயது வரம்பு 21. 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய திருத்தம் அதை 18ஆகக் குறைக்கிறது. ஆகவே பிள்ளை இடைநிலைப்பள்ளியில் இருக்கும்போதே மனு போட்டாக வேண்டும். படிவம் 5 முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொண்டுபோக வேண்டியவை: பிறப்புப் பத்திரம், அப்பா அம்மா இருவரின் அடையாள ஆவணங்கள், திருமணப் பத்திரம் இருந்தால் அது, பள்ளிப் பதிவுகள், தடுப்பூசி அட்டை, பிள்ளை தொடர்ந்து இங்கே வளர்ந்ததைக் காட்டும் எதுவும். மூலப் பத்திரத்தோடு இரண்டு நகல். கொடுத்ததற்கான ரசீதும் மனு எண்ணும் இல்லாமல் முகப்பை விட்டு நகராதீர்கள். நடுவில் கோப்பு தொலைந்தால் கையில் இருப்பது அந்த எண் மட்டும்தான்.

பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையாகாத பிள்ளையையும் 2019 முதல் அரசாங்கப் பள்ளி நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘பத்திரம் வரட்டும், பிறகு பள்ளி’ என்று வீட்டில் வைத்திருப்பது இரட்டை இழப்பு. பள்ளிப் பதிவே பின்னால் மனுவுக்கு ஆதாரம்.

மலர் (பிரிக்பீல்ட்ஸ்)

அக்கா, கோயில் திருமணத்தைக் கோயிலிலேயே பதிய முடியும் என்கிறார்களே, அது சரியா?

செந்தூல் சட்ட அக்கா

சரிதான் மலர், ஆனால் எல்லாக் கோயிலிலும் இல்லை. உதவிப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டவர் இருக்கும் கோயிலில் மட்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே ‘இங்கே பதிவதிகாரி உண்டா, அவர் நியமனம் இன்னும் நடப்பில் உள்ளதா’ என்று கேட்டுவிடுங்கள். முன்னறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஒட்டப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிந்துவிட வேண்டும். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய் நின்றால் முடியாது. அப்போதுதான் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஆகி, பத்து ஆண்டு ஓடிவிடுகிறது.

பிறை பயிற்றுநர்

எல்லாரும் பல்கலைக்கழகத்தையே பேசுகிறோம். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியபோது பினாங்கில் பிள்ளைகளுக்கு ஓர் ஏணி கிடைத்தது. எஸ்.பி.எம். இல்லாமலும் தொழிற்சாலைக்குள் போக முடிந்தது. இன்று அந்த ஏணியின் முதல் படி இருக்கிறது, இரண்டாம் படியைத்தான் காணோம். உற்பத்தி வரிசையில் நிற்பவர் அங்கேயே நிற்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது. அதற்கு மேலே ஏற வேண்டுமானால் கையில் தாள் வேண்டும்.

அந்தத் தாள் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ். நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா. எழுதப் படிக்கத் தெரிந்தால் அடி நிலையில் சேரலாம், எஸ்.பி.எம். கட்டாயமில்லை. செலவுக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம், பி.டி.பி.கே., கடன் தரும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க தேசிய இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில்தான்.

மின்சாரத் துறையில் எஸ்.கே.எம். மட்டும் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வேண்டும். ஒற்றைக் கட்ட இணைப்புக்குப் பி.டபிள்யூ.1, மும்முனைக்குப் பி.டபிள்யூ.3. சோதனை செய்து கையெழுத்துப் போடும் அதிகாரம் பி.டபிள்யூ.2க்கும் 4க்கும்தான். கையெழுத்துப் போடுபவருக்கும் கம்பி இழுப்பவருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்காது. பல ஆண்டு கம்பி இழுத்த நம் ஆட்கள் இந்த ஒரு தேர்வை எழுதாமல், எழுதிய இன்னொருவரின் கீழ் வேலை பார்க்கிறார்கள். இங்கே இட ஒதுக்கீடு தடுக்கவில்லை. தகவல் போய்ச் சேராததுதான் தடுக்கிறது. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சுங்கை பீசி குமரன்

சரி, தாள் வாங்கிவிட்டார் என்றே வைப்போம். வேலை விளம்பரத்தில் ‘மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்’ என்று இருக்கிறது. வீடு வாடகைக்குக் கேட்டால் ‘இந்தியர் வேண்டாம்’ என்று குழுவிலேயே போடுகிறார்கள். இதற்கு எந்த இலாகா?

செந்தூல் சட்ட அக்கா

இதுதான் உண்மையான ஓட்டை, குமரன். அரசமைப்பின் 8ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் அது அரசாங்கத்தின் செயலைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் இருவருக்கு இடையே செல்லாது என்று 2005இல் பீட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 69எஃப் வந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாட்டை தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம், மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் அதன் வாசகம் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு என்று இருக்கிறது. வேலைக்கு மனு செய்தவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அது உதவாது. வாடகை வீட்டுக்கும் இதுவரை தனிச் சட்டம் இல்லை.

153ஆம் பிரிவையும் முழுக்க வாசியுங்கள். மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலையைச் சொல்லும் அதே வரியில் பிற இனத்தவரின் நியாயமான நலனைக் காப்பதும் மாமன்னரின் பொறுப்பு என்று இருக்கிறது. மகஜர் எழுதுபவர்கள் அந்தப் பாதியைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும்.

கணக்கர் கோலாலம்பூர்

கடன் பக்கம் சுருக்கமாக. பி.டி.பி.டி.என். (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) கடன் மனுவுக்கு முன் அதன் சேமிப்புக் கணக்கான எஸ்.எஸ்.பி.என். திறந்திருக்க வேண்டும். கடனின் அளவு குடும்ப வருமானத்தைப் பார்த்து. சேவைக் கட்டணம் 1 விழுக்காடு. தனியார் கல்லூரியில் அந்தத் தொகை முழுக் கட்டணத்துக்கும் போதாது என்பதைச் சேரும் முன்பே கணக்கிடுங்கள். கல்லூரி காட்டும் பிரசுரத்தை விட்டுவிட்டு படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.க்யூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டில் அந்தப் பாடத்தின் பெயரைத் தேடுங்கள். ‘தற்காலிக அங்கீகாரம்’ என்று இருந்தால் முழு அங்கீகாரம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியம் ஏற்கிறதா என்பதும் தனிக் கேள்வி.

வியாபாரத்துக்கு, சிறு வியாபாரக் கடன் தரும் டெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டம் நம் சமூகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. நிராகரிக்கப்படும் மனுக்களில் நான் பார்ப்பது இதுதான்: கடையின் லைசென்ஸ் வேறொருவர் பெயரில். வாடகை லைசென்ஸில் பதினைந்து ஆண்டு வியாபாரம் செய்தாலும் தாளில் அவர் வியாபாரியே அல்ல. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60. வரவை வங்கிக் கணக்கில் போடுங்கள், கைப்பணமாகவே புழங்கினால் காட்ட ஒன்றும் இருக்காது. பழைய பி.டி.பி.டி.என். பாக்கி, வங்கிகள் பார்க்கும் கடன் பதிவான சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையில் தெரியும். மனுவுக்கு முன் தவணை மறுசீரமைப்புக் கேட்டு, சில மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வாருங்கள்.

ஜெலுத்தோங் வாசகன்

எல்லாருக்கும் நன்றி. படித்துப் பார்த்தால் தடைகள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. 90க்கு 10, தனியார் பாகுபாடு, தோட்ட நிலம்: இவை கொள்கையின் குறைகள், நாடாளுமன்றத்தில்தான் தீரும். மலாய்மொழி டி, பதியாத திருமணம், எழுதாத பி.டபிள்யூ. தேர்வு, வேறொருவர் லைசென்ஸ்: இவை நம் சமூக அமைப்புகள் இந்த ஆண்டே கை வைக்கக் கூடியவை. முதல் வகையைக் காட்டி இரண்டாவதை விட்டுவிடுவதும் தவறு, இரண்டாவதைக் காட்டி முதல் வகைக்கு வாயை மூடிக்கொள்வதும் தவறு. குமரன் கேட்டது எனக்கு உறுத்துகிறது. அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

டாமன்சாரா டமாய் ரவி

பயிற்றுநர் அண்ணா, பல வருஷம் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர், சான்றிதழ் ஒன்றும் இல்லை. அவர் முதலிலிருந்து வகுப்பில் உட்கார வேண்டுமா?

பிறை பயிற்றுநர்

வேண்டாம் தம்பி. முன் அனுபவ அங்கீகாரம், பி.பி.டி., என்று ஒரு வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டு இலாகாவின் தளத்தில் அவர் தொழிலுக்கான நோஸ் (தேசியத் தொழில்திறன்) தரநிலையை எடுங்கள். அதில் வேலைகள் வரிசையாக இருக்கும். அவர் செய்பவற்றுக்கு எதிரே குறியிடுங்கள், செய்யாதவற்றைத் தனியாக எழுதுங்கள். அந்த இடைவெளிக்கு மட்டும் குறும்பயிற்சி போதும். பிறகு ஆதாரக் கோப்பு: முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, வாடிக்கையாளர் பில், வேலை செய்யும்போது எடுத்த படங்கள். படத்தில் அவர் முகமும் கருவியும் சேர்ந்து தெரிய வேண்டும், தேதியும் இருக்க வேண்டும். வெறும் பெட்டியின் படத்தை மதிப்பீட்டாளர் ஏற்க மாட்டார். தரநிலை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், அவருக்கு வாசிக்கச் சிரமம் என்றால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கோப்புகள் அந்த இடத்தில்தான் பாதியில் நின்றுவிடுகின்றன, அதனால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிலைக்கு மனு செய்யலாம் என்பது குறியிட்டு முடித்த பிறகு தெரியும். அந்தத் தாளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.